முந்துவது நீரா, விசுவாசமா?

கிறிஸ்தவச் சபைகள் வழிபாட்டிலும் ஆட்சிமுறையிலும் எத்தனையோ வகையில் வேறுபட்டாலும், ஒருவர் சபைக்குள் நுழையும் வாசலாக ஏறக்குறைய எல்லாச் சபைகளும் வைத்திருப்பது ஞானஸ்நானம் என்னும் ஒரே சடங்கைத்தான். கத்தோலிக்கர் திருமுழுக்கு என்று வழங்கும் இச்சடங்கில், பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரின் பெயரால் ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழுகிறார், அல்லது அவருடைய தலையில் தண்ணீர் ஊற்றப்படுகிறது. சடங்கைச் செய்வதில் உள்ள இந்த ஒற்றுமை, அது என்ன பயன் தருகிறது என்று கேட்டவுடன் கலைந்துவிடுகிறது. பாவத்தின் பிடியிலிருந்து விடுபட்டு மனிதர் கடவுளோடு ஒப்புரவாகும் நிலையே இரட்சிப்பு. அந்த இரட்சிப்பு தண்ணீரின் வழியாக வருகிறதா, அல்லது விசுவாசத்தால் மட்டுமே வந்து, தண்ணீர் அதற்கு வெளி அடையாளமாக நிற்கிறதா என்ற கேள்வி சபைகளைப் பிரித்திருக்கிறது, மனிதர்களைச் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பியிருக்கிறது. எனினும் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசத் தொடங்குவது கேள்வியைத் தவறான இடத்தில் தொடங்குவதாகும். வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், விசுவாசத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே காலம் புகுந்தபோதுதான் சிக்கல் பிறந்தது என்பதும், அந்தக் காலம் நீண்டபோதும் பின்னர் முன்பின்னாக மாறியபோதும் அது வளர்ந்தது என்பதும் விளங்கும்.

புதிய ஏற்பாட்டில் அத்தகைய இடைவெளி ஏறக்குறைய இல்லை. பெந்தெகொஸ்தே நாளன்று எருசலேமில் பேதுருவின் உரையைக் கேட்டு மனந்திரும்பிய ஏறத்தாழ 3000 பேர் அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் நூல் கூறுகிறது. காசாவுக்குப் போகும் வழியில் ரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் நூலை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அரண்மனை அதிகாரி, பிலிப்பு தந்த விளக்கத்தைக் கேட்டபின், வழியோரம் தண்ணீரைக் கண்டதும் ரதத்தை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறார். பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலர், நள்ளிரவு நிலநடுக்கத்துக்குப் பின் பவுல் சொன்னதைக் கேட்டு, விடியுமுன் தம் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறார். கேட்பதும் நம்புவதும் மூழ்குவதும் இப்படி ஒரே மூச்சில் நிகழ்ந்ததால்தான், எபேசியருக்கு எழுதப்பட்ட கடிதம் விசுவாசத்தின் வழியாக இரட்சிப்பு என்று கூறவும், பேதுருவின் முதல் கடிதம் ஞானஸ்நானம் இரட்சிக்கிறது என்று கூறவும் முடிந்தது; இரண்டு கூற்றுகளும் ஒரே நிகழ்வை இரு பக்கங்களிலிருந்து பார்ப்பவை என்பதால் அன்றைய வாசகர்களுக்கு அதில் முரண்பாடு தென்பட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆயினும் அதே புதிய ஏற்பாட்டில் விலக்குகளும் உள்ளன. பிற்கால விவாதங்கள் அனைத்தும் அவற்றிலிருந்தே தம் ஆயுதங்களை எடுத்தன. செசரியாவில் கொர்நேலியு என்னும் உரோமைப் படைத்தலைவரின் வீட்டில் பரிசுத்த ஆவி முதலில் இறங்குகிறார், தண்ணீர் பிறகுதான் வருகிறது. சமாரியாவில் அது தலைகீழாக நடக்கிறது. மாயவித்தைக்காரனான சீமோன் நம்பி ஞானஸ்நானமும் பெற்றபின், கடவுளின் கொடையைப் பணத்துக்கு வாங்க முயன்று பேதுருவின் கண்டனத்துக்கு ஆளாகிறான். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வனுக்கோ, ஒரு துளி நீரும் இன்றிப் பரதீசு வாக்களிக்கப்படுகிறது.

சபை யூத மண்ணைத் தாண்டி, பல தெய்வ வழிபாட்டில் வளர்ந்த மக்களிடையே பரவியபோது, ஒரே நாளில் நம்பி மூழ்குவது போதாது என்ற எண்ணம் வலுத்தது. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் உருவானதும் உரோமையின் ஹிப்போலித்துவின் பெயரோடு மரபாக இணைக்கப்படுவதுமான அப்போஸ்தலிக்க மரபு என்னும் ஒழுங்கு நூல், ஞானஸ்நானத்தை நாடி வருவோர் மூன்றாண்டு மறைக்கல்வி பெற வேண்டும் என்கிறது. வருபவரின் தொழில் முதலில் விசாரிக்கப்படும். சிலை வடிப்பவரும் அரங்கில் வாட்போர் செய்பவரும் தம் தொழிலை விட்டாக வேண்டும். குறித்த நாளில் சேவல் கூவும் வேளையில் தண்ணீரின்மீது வேண்டுதல் செய்யப்பட்டபின், ஆடை களைந்து நீரில் இறங்கியவரிடம் பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மும்முறை கேட்கப்படும். ஒவ்வொரு முறையும் விசுவாசிக்கிறேன் என்று விடை சொன்னவுடன் ஒரு முழுக்கு. அந்த முறையில் விசுவாச அறிக்கை சடங்குக்கு முன்னுரையாக நிற்கவில்லை, நீருக்குள் நின்று சொல்லப்பட்டுச் சடங்கின் உடலாகவே அமைந்தது. மூன்றாண்டு இடைவெளியை உருவாக்கிய அதே சபை, இறுதி நொடியில் நீரையும் விசுவாசத்தையும் இவ்வளவு இறுகப் பிணைத்தது கவனிக்கத்தக்கது. இடைவெளியின் ஆபத்தையும் அந்நூல் அறிந்திருந்தது: மறைக்கல்வி முடியுமுன் ஒருவர் கைதாகிக் கொல்லப்பட்டால், அவர் தம் சொந்த இரத்தத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர் என்று அது உறுதி கூறுகிறது.

நான்காம் நூற்றாண்டில் துன்புறுத்தல் ஓய்ந்தபின் இடைவெளி வேறு காரணத்தால் நீண்டது. ஞானஸ்நானம் அதுவரையிலான பாவங்கள் அனைத்தையும் நீக்குகிறது, ஆனால் வாழ்வில் ஒரே ஒரு முறைதான் அளிக்கப்படும் என்பது சபையின் போதனை. அதன்பின் செய்யும் பெரும்பாவத்துக்குக் கடுமையான, பலர் அறியச் செய்யும் பரிகாரமே வழி. இந்நிலையில் சடங்கைத் தள்ளிப்போடுவது விவேகம் என்று பலர் கருதினர். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப்படுக்கையில்தான் அதைப் பெற்றார். பின்னாளில் மேற்கத்திய இறையியலின் பெருந்தூணாக விளங்கிய அகஸ்தீன், சிறுவனாக நோயுற்றபோது ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தும், உடல் தேறிவிட்டதால் அது நிறுத்தப்பட்டது. 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் அவர் அதைப் பெறுவதற்குள் முப்பது வயதைக் கடந்துவிட்டார்.

அந்த அகஸ்தீன் தம் நூலான ஒப்புரவு அறிக்கைகளில் பதிந்துவைத்திருக்கும் ஒரு நிகழ்வு, இந்த விவாதத்தில் எந்தக் கோட்பாட்டு நூலையும் விட ஆழமாகச் சிந்திக்க வைப்பது. தகாஸ்தே ஊரில் அவருடைய இளமைக்கால நண்பர் ஒருவர் கடுங்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, பிழைக்க மாட்டார் என்று அஞ்சியவர்கள் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டனர். காய்ச்சல் தணிந்து கண்விழித்த நண்பரிடம், அப்போது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வெளியே நின்ற அகஸ்தீன், அறிவின்றிக் கிடந்தபோது நடந்த சடங்கைக் குறித்துக் கேலியாகப் பேசினார். நண்பரும் சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். நண்பரோ ஒரு பகைவனைக் கண்டவர்போல் அதிர்ந்து, நட்பு வேண்டுமானால் அத்தகைய பேச்சை நிறுத்தும்படி திடமாகக் கூறினார். சில நாட்களில் காய்ச்சல் மீண்டும் வந்து அவர் இறந்துபோனார். விரும்பாத, கேட்காத, உணராத ஒருவர்மீது விழுந்த தண்ணீர் அவருக்குள் ஒரு விசுவாசத்தை எழுப்பியிருக்குமானால், விசுவாசம்தான் எப்போதும் முதலில் வரவேண்டும் என்று சட்டமிடுவது கடினம். அதே வேளையில், கண்விழித்த பிறகு நண்பர் அதைத் தமதாக்கிக்கொண்டதை விலக்கிவிட்டு அந்தத் தண்ணீரின் பொருளைப் பேசவும் முடியாது.

குழந்தைகளின் ஞானஸ்நானத்தில் இந்தச் சிக்கல் அன்றாட வழக்கமாகியது. ஏறத்தாழ 200-ஆம் ஆண்டில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன், குழந்தைகளுக்கு அவசரம் ஏன், கிறிஸ்துவை அறியத்தக்க வயதில் அவர்கள் வரட்டும் என்று எழுதினார். அவர் எதிர்க்க நேர்ந்ததே அந்த வழக்கம் அப்போது இருந்ததற்குச் சான்று. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே நகரத்தில் ஆயர் சிப்பிரியானின் தலைமையில் கூடிய ஆயர்கள், பிறந்து எட்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்றனர். பாவமன்னிப்புக்காகவே ஞானஸ்நானம் என்றால், ஒரு பாவமும் செய்யாத சிசுவுக்கு அது எதற்கு என்ற கேள்விக்கு, இறையியலாளர் பெலாஜியுவோடு நடந்த நெடிய வாதத்தில் அகஸ்தீன் அளித்த விடைதான் ஜென்ம பாவக் கோட்பாடு: ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பே காயமுற்றிருக்கிறது, எனவே குழந்தைக்கும் மீட்பு தேவை என்பது அதன் சாரம். பேசத் தெரியாத குழந்தையிடம் விசுவாசம் எங்கே என்ற அடுத்த கேள்விக்கு, அதைத் தூக்கிவரும் சபையின் விசுவாசமே அப்போதைக்கு அதன் விசுவாசம், வளர்ந்தபின் அது தன்னுடையதாகும் என்றார். ஞானப் பெற்றோர் குழந்தைக்காக விடை சொல்லும் வழக்கமும், பின்னர் கத்தோலிக்கர் உறுதிப்பூசுதல் என்றும் சீர்திருத்தச் சபைகள் திடப்படுத்தல் என்றும் நடத்தும் சடங்கும் இந்த இடைவெளியின் இரு கரைகளில் நிற்பவை.

ஆனால் தண்ணீரை இவ்வளவு இன்றியமையாததாகக் கொண்ட போதனை, அதைப் பெறாமல் இறந்த குழந்தைகளின் கதி என்ன என்ற கொடிய கேள்வியைப் பெற்றோரின் மடியில் வைத்தது. அகஸ்தீன் அவர்களுக்கு மிக மென்மையான தண்டனை உண்டு என்றார். இடைக்கால இறையியலாளர்கள் துன்பமும் இல்லாத, கடவுளைக் காணும் பேரின்பமும் இல்லாத லிம்போ என்னும் ஒரு நிலையைக் கருதினர். மனிதத் தருக்கம் தன் முதல் அடியில் பிழையின்றி நடந்தும் எங்கே போய்ச் சேரக்கூடும் என்பதற்கு இதைவிட வருத்தம் தரும் எடுத்துக்காட்டு இறையியலில் அரிது. கத்தோலிக்கத் திருச்சபை லிம்போவைக் கட்டாயப் போதனையாக ஆக்கியதில்லை. 2007-இல் வெளிவந்த அனைத்துலக இறையியல் ஆணையத்தின் ஆவணம், அக்குழந்தைகள் மீட்புப் பெறுவர் என்று நம்புவதற்குத் தகுந்த அடிப்படை உண்டு என்று கூறியது. பெரியவர்களைப் பொறுத்தவரை வழி முன்பே திறந்திருந்தது: 392-இல் ஞானஸ்நானத்தை வேண்டிக் காத்திருந்த நிலையிலேயே இறந்த இளம் பேரரசர் இரண்டாம் வாலன்டீனியனின் நினைவுரையில், அவர் விரும்பிக் கேட்டதையே பெற்றதாகக் கொள்ளலாம் என்று அம்புரோசு ஆறுதல் கூறினார். 1547-இல் திரெந்து பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தாலோ அதன்மீதுள்ள வேட்கையாலோ மனிதர் நீதிமானாக்கப்படுகின்றனர் என்று வரையறுத்தபோது இந்த ஆறுதல் சபையின் போதனையாகவே நிலைபெற்றது. அவசரத்தில் யாரும், கிறிஸ்தவர் அல்லாதவரும்கூட, சபையின் நோக்கத்தோடு தண்ணீர் ஊற்றி மூவரின் பெயரைச் சொன்னால் அது செல்லும் என்பதும் கத்தோலிக்க விதி.

பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தம், மனிதர் தம் செயல்களால் அன்றி விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக எண்ணப்படுகின்றனர் என்று முழங்கியதால், அது ஞானஸ்நானத்தைச் சிறுமைப்படுத்தியதாகப் பலர் நினைப்பதுண்டு. மார்ட்டின் லூத்தரைப் பொறுத்தவரை அது பிழையான எண்ணம். 1529-இல் அவர் வெளியிட்ட ஞானோபதேச நூல்களில், ஞானஸ்நானம் வெறும் தண்ணீர் அல்ல, கடவுளின் வார்த்தையோடு இணைந்த தண்ணீர் என்றும், விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்ளவே செய்கிறது என்றும் விளக்கினார். ஞானஸ்நானத்தில் செயல்படுபவர் கடவுள். எனவே அது மனிதரின் நற்செயல்களுள் ஒன்றாக எண்ணப்படாது, விசுவாசத்தால் மட்டும் என்ற கொள்கையோடும் மோதாது என்பது அவருடைய வாதம். தன் விசுவாசம் உறுதியானதா என்று உள்ளே தோண்டித் தோண்டி அலையும் மனத்துக்கு, தன்னிடம் அல்லாமல் கடவுளின் வாக்கில் ஊன்றிய ஒரு நிகழ்வைச் சுட்டிக்காட்டியதில்தான் லூத்தரின் போதனை இன்றும் வலிமை குன்றாமல் நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான விடை சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் எழுந்தது. அங்குச் சீர்திருத்தத்தை நடத்திய உல்ரிக் ஸ்விங்லியின் மாணவர்களாக இருந்த கொன்ராட் கிரேபல், ஃபீலிக்ஸ் மான்ஸ் ஆகியோர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை என்று தம் ஆசிரியரிடமே வாதிட்டனர். பழைய உடன்படிக்கையில் ஆண்குழந்தைகள் எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்று இஸ்ரவேலின் உடன்படிக்கைக்குள் வந்ததுபோல், புதிய உடன்படிக்கையில் விசுவாசிகளின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உரியது என்பது ஸ்விங்லியின் மறுமொழி. 1525 ஜனவரியில் நகர மன்றம், எட்டு நாளுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், மறுப்போர் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. சில நாட்களில், 21-ஆம் தேதி, ஒரு வீட்டில் கூடியிருந்தவர்களில் முன்னாள் குருவான ஜார்ஜ் பிளௌரோக், தமக்குத் தம் விசுவாச அறிக்கையின்பேரில் ஞானஸ்நானம் தரும்படி கிரேபலைக் கேட்டார்; அதைப் பெற்றபின் மற்றவர்களுக்கு அவரே கொடுத்தார். அன்று ஆற்றிலோ குளத்திலோ யாரும் மூழ்கவில்லை, தலையில் நீர் ஊற்றப்பட்டது. ஆகவே தகராறு நீரின் அளவைப் பற்றியதே அல்ல, யார் கேட்டார்கள் என்பதைப் பற்றியது. எதிரிகள் அவர்களை அனபாப்டிஸ்டுகள், அதாவது மறுஞானஸ்நானக்காரர்கள் என்று அழைத்தனர். அவர்களோ சிசுவாக இருந்தபோது நடந்தது ஞானஸ்நானமே அல்ல, எனவே இதுவே முதலாவது என்றனர்.

நகரத்துக்கு இது வெறும் இறையியல் வேறுபாடாகத் தெரியவில்லை. ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் பிறப்பிலேயே சபையின் உறுப்பினர் என்ற அடிப்படைமேல்தான் வரிப்பதிவு முதல் பிரமாணம் வரை எல்லாம் நின்றன. சபை என்பது விரும்பிச் சேர்ந்தவர்களின் கூட்டம் என்றால் அந்த அடித்தளமே ஆட்டம் காணும். 1526-இல் மறுஞானஸ்நானம் கொடுப்போருக்கு நீரில் மூழ்கடித்துக் கொல்லும் தண்டனை அறிவிக்கப்பட்டது. 1527 ஜனவரி 5-ஆம் தேதி ஃபீலிக்ஸ் மான்ஸ், கைகள் முழங்கால்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு, படகில் ஏற்றி லிம்மாட் ஆற்றில் தள்ளப்பட்டார். ஞானஸ்நானத்தைக் குறித்த கருத்துக்காக ஞானஸ்நானத்தின் பொருளையே கொலைக்கருவியாக்கியது சீர்திருத்த வரலாற்றின் மாறாத வடு. 2004-இல் சூரிக்கின் சீர்திருத்தச் சபை அனபாப்டிஸ்டுகளின் வழிவந்தோரிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. ஆற்றங்கரையில் மான்சின் பெயர் தாங்கிய நினைவுக் கல்லும் பதிக்கப்பட்டது. 2010-இல் உலக லூத்தரன் கூட்டமைப்பு ஸ்டுட்கார்ட் பேரவையில் அதே மரபினரான மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது.

சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்த சபைகள் இந்த இடைவெளிக்கு மிக நுட்பமான விளக்கம் ஒன்றைத் தந்தன. 1646-இல் இங்கிலாந்தில் வரையப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, ஞானஸ்நானம் கிருபையின் உடன்படிக்கைக்கு அடையாளமும் முத்திரையும் ஆகும் என்று கூறுவதோடு, அதன் ஆற்றல் அது கொடுக்கப்படும் கணத்தோடு கட்டுண்டதல்ல என்றும் கூறுகிறது. சிசுவின் தலையில் விழுந்த நீர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் விசுவாசம் எழும்போது பயன் தரலாம். யாருக்கு, எப்போது என்பது கடவுளின் சித்தம். பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய பாப்டிஸ்டுகள் இதை ஏற்காமல், விசுவாச அறிக்கை செய்தவருக்கே முழுக்கு என்றனர். அதே நூற்றாண்டின் குவேக்கர்களும், 1883 முதல் இரட்சணிய சேனையும், ஆவியின் அகவேலை போதும் என்று நீர்ச் சடங்கையே விட்டுவிட்டனர்.

தமிழ் மண்ணில் இக்கேள்வி ஐரோப்பாவில் எழுந்த அதே நூற்றாண்டிலேயே எழுந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர், கடல் உரிமைப் பூசல்களில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி, 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் அக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், நீங்கள் எதை விசுவாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் கூற இயலவில்லை, தங்களுக்குத் தெரிந்த மொழியில் கற்பிக்க யாரும் இல்லை என்றனர் என்று தம் கடிதத்தில் எழுதினார். தண்ணீர் வந்துவிட்டது, விசுவாசம் மொழியின்றி வெளியே காத்திருந்தது. அவர் அந்தத் திருமுழுக்குகளைச் செல்லாதவை என்று ஒதுக்கவில்லை; மொழி அறிந்தவர்களின் உதவியோடு விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழில் ஆக்குவித்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகளார் பல பத்தாண்டுகள் அக்கரையிலேயே வாழ்ந்து தமிழைக் கற்று, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். தமிழின் தொன்மையான அச்சு நூல்களுள் ஒன்றான அது ஒரு மறைக்கல்விக் கையேடு. முன்பே பெற்ற திருமுழுக்குக்குப் பின்னால் விசுவாசத்தைக் கொண்டுசேர்க்கும் பெருமுயற்சியின் விளைவு. பாதுகாப்புக்காகத் தொடங்கிய அந்தக் கிறிஸ்தவம், போர்ச்சுகீசியரின் ஆட்சி மறைந்தபின்னும், அவர்களை வென்ற சீர்திருத்தச் சபை மரபினரான டச்சுக்காரரின் காலத்திலும் அக்கரையில் உறுதியாக நின்றது என்பதைக் கொண்டு நோக்கினால், தொடக்கத்தின் நோக்கத்தை மட்டும் வைத்து ஒரு ஞானஸ்நானத்தை எடைபோடுவது நியாயமாகாது.

இருபதாம் நூற்றாண்டில் சபைகள் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கின. 1982-இல் பெரு நாட்டின் லிமா நகரில் உலகச் சபைகள் மன்றத்தின் விசுவாச ஒழுங்கு ஆணையம் ஏற்ற அறிக்கை, ஞானஸ்நானம் கடவுளின் கொடையும் அதற்கு மனிதர் தரும் மறுமொழியும் ஆகிய இரண்டும் என்றது. குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசி ஞானஸ்நானமும் சமமான மாற்று வழிகளாகக் கருதப்படலாம், இரண்டாம் முறை கொடுப்பதாகத் தோன்றும் எதையும் தவிர்க்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல் குறித்த கூட்டு அறிக்கையில் ஒப்பமிட்டு, கிருபையாலேயே, விசுவாசத்தாலேயே மனிதர் ஏற்கப்படுகின்றனர் என்பதில் அடிப்படை உடன்பாட்டை எட்டினர். 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபை, தன்னோடு இணைந்த பாப்டிஸ்டுகளின் பொருட்டு, இரு முறைகளையும் ஒரே சபைக்குள் ஏற்றது.

தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி ஆவணங்களோடு முடிவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையிலோ லூத்தரன் சபையிலோ கத்தோலிக்கத் திருச்சபையிலோ சிசுவாக ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த ஒருவர், பெந்தெகொஸ்தே சபையொன்றில் விசுவாச எழுப்புதல் பெற்று, மூழ்கு ஞானஸ்நானம் எடுக்க முன்வரும்போது, தாய்க்கு அது தான் மடியில் ஏந்திச்சென்ற நாளை மறுப்பதாகவும், மகனுக்கோ முதன்முறையாகத் தன் வாயால் ஆம் என்று சொல்வதாகவும் தோன்றுகிறது. லூத்தரிடம் கேட்டால், பெற்ற ஞானஸ்நானத்துக்குத் திரும்பி வா, புதிதாக ஒன்றைத் தேடாதே என்பார். கிரேபலிடம் கேட்டால், நீ கேளாத ஒன்றை நீ பெறவே இல்லை என்பார். இருவரும் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: முன்னதாக வந்தாலும் பின்னதாக வந்தாலும், அந்த ஆம் அவரவர் வாயிலிருந்தே வர வேண்டும். அது எந்த வயதில், நீரின் எந்தக் கரையில் நின்று சொல்லப்பட வேண்டும் என்பதில் அவர்கள் இன்னும் உடன்படவில்லை, சபைகளும் உடன்படவில்லை.